ஐந்து வண்டிக்கு ஒரு கார்புரேட்டர்

வே,

இன்று காலை கடைப் பரணைச் சுத்தம் செய்தேன். கரையான் ஏறியிருந்தது. மூலையில் கிடந்த பழுப்புத் தாள் கட்டு ஒன்று கைபட்டுக் கீழே விழுந்து அவிழ்ந்தது. பார்த்தால், உம் வண்டிகளுக்குச் சீட்டும் மேல்கூடும் தைக்க நான் வெட்டி வைத்த அளவுத் தாள்கள். ஒவ்வொன்றின் மேலும் உம்முடைய கோணல் எழுத்து. ‘வக்கீல், முன் சீட்டு, அவசரம்.’ ‘ஜமீன், மேல்கூடு, அவசரம்.’ ‘டாக்டரம்மா, பின் சீட்டு, மிக அவசரம்.’ ஐந்து வண்டிக்கும் அவசரம் என்று எழுதிய ஆள் உலகத்தில் நீர் ஒருவராகத்தான் இருப்பீர். தாளை மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடை அடித்தது. நீர் போய் மூன்று வருஷம் ஆகிறது. பெட்ரோலுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது என்று எனக்கும் தெரியும். அடித்தது, அவ்வளவுதான்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. இருபத்தைந்து வருஷமாக இடுப்பளவும் கையளவும்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் கடைசியாகப் பார்த்தபோது நீர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர். நான் விளையாட்டாகப் பதில் சொன்னேன். சரியான பதிலைச் சொல்லாமல் இந்தத் தாள்களை மறுபடி கட்டி மேலே போட மனம் வரவில்லை.

குற்றாலம் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில், தென்னந்தோப்பு ஓரத்தில் உம் ஓலை ஷெட்டு. அதற்குள் ஐந்து கார்கள். எந்தக் கம்பெனி வண்டி என்று நம்மில் யாரும் சொன்னதில்லை. யார் வண்டியோ அவர் பெயர்தான் அதற்கு. வக்கீல் வண்டி. டாக்டரம்மா வண்டி. அரியங்காவுக்கு அப்பால் இருந்து மாடு பூட்டி இழுத்து வந்த எஸ்டேட் வண்டி. மேல்கூடு இல்லாமல் தோணி மாதிரி நீண்டு கிடந்த ஜமீன் வண்டி. அதன் பின் சீட்டில் உம் வீட்டுக் கோழி முட்டையிடும். ஐந்தாவது, மற்ற வண்டிகளின் மிச்சத்தை வைத்து நீர் உமக்கென்று கட்டிக்கொண்டிருந்த வண்டி. சாரல் காலத்தில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு அதில் ஏற்றிப் போக வேண்டும் என்பது உம் ஆசை. அதனால் அதற்கு ‘அருவி வண்டி’ என்று பெயர் வைத்திருந்தீர். அதற்கு இடது பக்கம் இரண்டு கதவு, வலது பக்கம் ஒன்று.

நெல் மில் எஞ்சினில் கை பழகியவர் நீர். ஒரு வண்டி வழியில் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுவீர். “ஒண்ண முடிச்சிட்டு அடுத்தத எடுத்தா என்னவே?” என்று நான் ஒருநாள் கேட்டேன். “ஆஸ்பத்திரில ஒருத்தனுக்குக் காய்ச்சல் விடட்டும், பொறவு அடுத்தவனப் பாக்கேன்னா சொல்லுதாவ?” என்று திருப்பிக் கேட்டீர். ஒரு சட்டைக்கு பட்டன் கட்டி முடிக்காமல் அடுத்த துணியில் கத்தரி வைக்காதவன் நான். உம்மைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் அந்தி சாய்ந்து கடையை அடைத்ததும் கால் தானாக உம் ஷெட்டுக்குத்தான் போகும்.

கார்புரேட்டர் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்த நாளில் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. மெட்ராசுக்கு எழுதினால் பதில் வரும், சாமான் வராது. நீர் உடைந்துபோன மூன்று கார்புரேட்டர்களைப் பிரித்து, நல்லதை மட்டும் பொறுக்கி, பித்தளை மிதவைக்கு நீரே ஈயம் வைத்து, ஒன்றைச் செய்தீர். “பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுதது இதுதாம்வே. இது இல்லன்னா எந்த வண்டிக்கும் மூச்சு கெடையாது” என்று அதைக் குழந்தை மாதிரி ஏந்திக் காட்டினீர். ஐந்து எஞ்சினுக்கும் ஐந்து விதமான வாய். அந்த ஐந்துக்கும் பொருந்தும்படி இரும்புத் தகடு அறுத்து, துளை போட்டு, அரத்தால் ராவி வைத்தீர். ஸ்பானரே வேண்டாம், காது வைத்த நட்டு இரண்டைக் கையால் திருகினால் போதும். கழற்ற மூன்று நிமிஷம், மாட்ட நான்கு நிமிஷம். மெட்ராசில் பெரிய பெரிய ஆட்கள் யோசிக்காததை ஓலை ஷெட்டில் உட்கார்ந்து யோசித்தீர். இதை உம் முகத்துக்கு நேரே நான் சொன்னதே இல்லை. சொல்லியிருக்கலாம்.

அதிலிருந்துதான் உம் கிழமைக் கணக்கு பிறந்தது. திங்கள் வக்கீல், செவ்வாய் எஸ்டேட், புதன் ஜமீன், வியாழன் டாக்டரம்மா, வெள்ளி உம்முடையது. எந்தக் கிழமை யார் வந்து பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தீர். அவர் வரும் நாளில் கார்புரேட்டர் அவர் வண்டியில் இருக்கும். வண்டி கம்பீரமாக உறுமும். “இன்னும் கொஞ்சம் வேலதான் பாக்கி” என்பீர். எஸ்டேட்டுக்காரர் மட்டும் சந்தேகத்தோடு, அவருடைய மலையாளத்தில், “எந்தா, மலை ஏறுமோ?” என்று கேட்பார். “பறக்கும்” என்பீர். அவர் போனதும் கையால் நட்டைத் திருகுவீர்.

ஏமாற்று என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைத்ததில்லை. ஐந்தும் ஒருநாள் ஒன்றாக ஓடும் என்று உண்மையாகவே நம்பினீர். உம் சம்சாரம், மதினிதான் நம்பவில்லை. “இந்த வீட்ல தெனமும் ஓடுதது நான் ஒருத்திதான், அண்ணாச்சி” என்று எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே சொல்வாள். நீர் கோபப்பட மாட்டீர். இடி விழுந்து இரண்டாகப் பிளந்து நிற்கும் நம்மூர்க் கோபுரம் இருக்கும் திசையில் கையை நீட்டுவீர். “விசுவநாதருக்கே கோபுரம் மொட்டையாத்தான் நிக்கி. அவரே பொறுத்துக்கிட்டு உள்ள இருக்காரு. நாலு வண்டி நின்னா என்ன குடி முழுகிப்போச்சு?” என்பீர். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த மறு வருஷம், வைகாசியில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. பொறுப்பு முழுவதும் என் தலையில். மூன்று இடம் பேசி மூன்றும் தட்டிப்போயிருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. தெருவில் ஜாடையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவதாக ஆய்க்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை அமைதியானவர். அவருடைய தாய்மாமன்தான் எதிலாவது குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். முகூர்த்த மாதம், ஊரில் இருந்த இரண்டு டாக்சியையும் வேறு கல்யாணத்துக்குப் பேசிவிட்டார்கள். நீர்தான் தோளில் தட்டினீர். “ஜமீன் வண்டி இருக்குல்லா. கோழிய வெரட்டிட்டுத் தேர் மாதிரி ஆக்கித் தாரேன்.”

ஆக்கித்தான் தந்தீர். நான் சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் தைத்தேன். நீர் பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தீர். அழைப்பும் புதன்கிழமைதான், ஜமீன் வண்டியின் கிழமை. ஒரே ஒரு குறை. கால் பிரேக் பிடிக்காது. “ஊர்கோலம் நடை வேகத்துலதான போவும்? கைப்பிரேக்கு போதும்வே” என்றீர். நானும் சரி என்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் இருந்து ஊர்வலம் புறப்பட்டது. கோயில் வாசல் காற்று மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தது. முன்னால் நாதசுரம், பின்னால் ஆய்க்குடி ஜனம், நடுவில் வண்டி. நீர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினீர். நான் பக்கத்தில் நடந்து வந்தேன். ரத வீதி திரும்பும்போது டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் மருந்துப் பெட்டி. அவருக்குப் பின்னால் வேர்த்து ஒழுக ஒரு ஆள்.

“என் வண்டிய எடுத்துத் தாங்க” என்றார். “ஐந்தருவி வழியில தோப்புல ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். காலையில இருந்து கஷ்டப்படுதா. இவன் புருஷன், ஓடியே வந்திருக்கான். குதிரை வண்டில போனா நேரம் பத்தாது.”

நீர் விழித்தீர். “அம்மா, இன்னைக்குப் புதன்கிழமை” என்றீர்.

“அதுக்கென்ன? போன வியாழக்கிழமை நான் வந்தப்ப ஓடிச்சே!”

“ஓடிச்சும்மா. நாளைக்கும் ஓடும்.”

அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய வண்டி ஷெட்டில் எல்லாம் சரியாக நிற்கிறது. அதன் மூச்சு மட்டும் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் வண்டியில் இருக்கிறது. பிரேக் இல்லாத இந்த வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் ரோட்டில் விரையவும் முடியாது. நீர் என்னை ஒரு தரம் பார்த்தீர். எஞ்சினை நிறுத்தினீர்.

நாதசுரக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மாமன் முன்னால் வந்தார். “என்னது? வண்டி நின்னுட்டா? மாப்பிள்ளைய நடுவழில எறக்கவா பாக்கிய? பாதில எறங்கினா இப்படியே ஆய்க்குடிக்குத் திரும்பிருவோம், ஆமா” என்றார். தெரு முனையில் என் வீடு. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்பது தெரிகிறது. உள்ளே தங்கச்சி இருக்கிறாள். நீர் அதற்குள் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டீர்.

அப்போதுதான் நான் உம்மைப் பார்த்துக் கத்தினேன். “உம்ம நம்பினவன் நடுத்தெருவுலதாம்வே நிக்கணும்! ஒரு வண்டியாவது முழுசா வச்சிருக்கீரா?”

நீர் தலை நிமிரவில்லை. கை நட்டைத் திருகிக்கொண்டே இருந்தது. “நாம நிப்போம்வே. அந்தப் பிள்ள நிக்க முடியாதுல்லா” என்றீர்.

சுடச்சுட இருந்த கார்புரேட்டரைத் தோள் துண்டில் சுருட்டிக்கொண்டீர். வெள்ளைச் சட்டை முழுவதும் எண்ணெய். “நீரு ஸ்டீரிங்கப் பிடியும். பின்னால நாலு பேரு தள்ளட்டும். எறக்கம் வந்தா இந்தக் கம்பிய இழும்” என்று கைப்பிரேக்கைக் காட்டிவிட்டு ஓடினீர். டாக்டரம்மாவும் அந்தப் புருஷன்காரனும் பின்னாலேயே ஓடினார்கள். மூன்று பேரும் தெரு திரும்பி மறைந்தார்கள். அதுவரை நான் சைக்கிள்கூட ஒழுங்காக விட்டவன் இல்லை.

தாய்மாமன் மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் பின் சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. சம்பந்தம் பேசியதிலிருந்து அவர் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. “மாமா, நான் எங்க எறங்கினேன்? இருந்த எடத்துலதான இருக்கேன்? தள்ளச் சொல்லுங்க, போவோம்.” அவருடைய சேக்காளிகள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வண்டி நகர்ந்தது. நாதசுரம் மறுபடி எழுந்தது.

நீர் இருந்து பார்த்திருக்க வேண்டும் வே. தள்ளுகிற வேகமும் ஊர்வல வேகமும் ஒன்றாகவே இருந்தன. எஞ்சின் சத்தம் இல்லாததால் நாதசுரம் நன்றாகக் கேட்டது என்றுகூட ஒரு பெரியவர் சொன்னார். எங்கள் வீட்டுக்கு முன்னால் தெரு கொஞ்சம் சரியும். அங்கே மட்டும் தள்ளியவர்கள் பிடித்து இழுத்தார்கள், நான் கம்பியை இழுத்தேன், ஆரத்தி எடுக்க நின்ற என் அத்தை ஒரு அடி பின்னால் குதித்தாள். வண்டி வாசலில் நின்றது. இன்றைக்கும் மச்சினரோடு சண்டை வந்தால் தங்கச்சி, “உங்களத் தள்ளிக்கிட்டு வந்து கொண்டு விட்டாவ, நீங்களா வரல” என்பாள். அவரும் “எறங்காம வந்தேன்லா” என்பார்.

மறுநாள் காலையில் தாலி கட்டும் நேரத்தில் பந்தல் ஓரத்தில் உம்மைப் பார்த்தேன். அதே சட்டை, தூங்காத கண். “ரெண்டு உசிரும் நல்லா இருக்கு. பொம்பளப் பிள்ள” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினோரு வயது. தீபாவளிக்குத் தீபாவளி அவள் அம்மா பாவாடைத் துணியோடு என் கடைக்குக் கூட்டி வருவாள். அளவெடுக்கும்போது ஒரு இடத்தில் நிற்க மாட்டாள்.

அந்தக் கார்புரேட்டரை நீர் டாக்டரம்மா வண்டியிலிருந்து திரும்பக் கழற்றவே இல்லை. “அது அங்கனயே இருக்கட்டும்வே. கெழமை பாத்தா பிரசவம் வருது?” என்றீர். நீர் முழுதாக முடித்துக் கொடுத்த முதல் வண்டி அதுதான். ஆனால் அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. ஸ்டேஷனில் கூட்டம் கூட்டமாக ஜனம் இறங்கியது. அருவி வண்டி மூச்சில்லாமல் ஷெட்டிலேயே கிடந்தது. ஒருநாள் நான் வந்தபோது அதன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர். என்னைக் கண்டதும் எழுந்து, சீட்டில் ஒரு தையல் விட்டிருக்கிறது என்று எதையோ காட்டினீர். நானும் குனிந்து தையலைப் பார்த்தேன்.

நடுத்தெருவில் நடந்ததால் கிழமைக் கணக்கு ஊருக்கே தெரிந்துபோனது. எஸ்டேட்டுக்காரர் வந்து மறுபடி மாடு பூட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போனார். வக்கீல் திங்கட்கிழமை வழக்கம்போல வந்து, “என் வண்டிக்கு வாய்தா எப்பவே முடியும்?” என்று மட்டும் கேட்டார். அவர் வண்டியை எடுத்துப் போகவில்லை. எதற்கும் சளைக்காமல் மதுரையில் அலைந்து இரண்டாவது கார்புரேட்டரை நீர் கொண்டுவந்தபோது எனக்கும் சந்தோஷம்தான். இனி நிதானமாக ஒவ்வொன்றாக முடிப்பீர் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் ஷெட்டில் எட்டு வண்டி நின்றது. மதினி கோழிகளுக்குத் தனிக் கூடு கட்டச் சொல்லிவிட்டாள்.

அவற்றில் எத்தனையை முடித்தீர் என்று எண்ணினால் குறைவாகத்தான் வரும். ஆனால் உம்மைப் போல ஒரு கையை நான் கண்டதில்லை. எல்லோரும் குப்பை என்று தள்ளியதை ஐந்து நிமிஷமாவது பேச வைப்பீர். கையில் இருக்கும் ஒன்றே ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்ற நேரம் வந்தபோது, நீர் யோசிக்க எடுத்துக்கொண்டது என்னை ஒரு தரம் பார்த்த நேரம்தான். அந்தப் பார்வையை இத்தனை வருஷமும் சுமக்கிறேன். என்னிடம் சம்மதம் கேட்டீர் என்று இப்போது புரிகிறது. நான் கத்தினேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீர் நெஞ்சுவலியில் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். ஜன்னல் வழியாகத் தூறல் உள்ளே விழுந்தது. அதையும் இதையும் பேசிவிட்டுத் திடீரென்று கேட்டீர்: “அன்னைக்கு நடுத்தெருவுல உம்ம தங்கச்சி ஊர்கோலத்த நிப்பாட்டினேம்லா, அது தப்பாவே?” எட்டு வருஷத்தில் அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேலி செய்து பழகிய நாக்கு. “தப்பில்லாம? ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்” என்றேன். நீர் சிரித்தீர். “சரிதாம்வே” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர். அடுத்த வாரம் வரும்போது ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் உமக்கு இல்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் கத்தியதிலிருந்து வரவில்லை. கத்தியதை நீர் அன்றே மறந்திருப்பீர். கல்யாணத்தன்று நீர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தீர். என் வீட்டு விசேஷம் எதுவானாலும் உம் இலையில் முதல் சோறு வைப்பது நான்தான். அன்று சோற்று வாளியோடு உம் வரிசையில் வந்தேன். நீர் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தீர். தாய்மாமன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உமக்கு அடுத்த இலைக்குப் போனேன்.

நீர் செய்தது தப்பில்லை வே. உம் இலையைத் தாண்டினேனே, அதுதான் தப்பு.